விழுவதற்கென்று ஒரு விமானம்

ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனில் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் நிலக்கரி மைன்ஸில் என்னோடு வேலை பார்க்கும் ஷிப்ட் கூட்டாளி. கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தவர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“என்னாங்க, டிக்கெட் போடறீங்களா?”

“இல்லங்க. பிளேனே வாங்கிடலாம்னு பாக்கறேன்.”

“நல்லதுங்க. குவார்ட்டர்ஸ்ல நிறுத்த எடம் இருக்குதா?”

“எடம் நெறைய இருக்கு,” என்றேன். அது உண்மை.

பிறகு விளக்கிச் சொன்னேன். ரிமோட்டில் பறப்பது, அகலம் நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் குறைவு, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே செய்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, “பொண்ணுக்கா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “ஓ, உங்களுக்கா,” என்றார். அந்த ‘ஓ’ வடலூர் வரைக்கும் நீண்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் ஐம்பதைத் தொட்ட ஆள். படுக்கும் முன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவன். தெருவில் யாராவது பட்டம் விட்டால்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டான், கழுத்து பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்கு விமானம் எதற்கு?

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் மனைவிக்கு வங்கியில் பதவி உயர்வோடு கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அதே கோடையில் மகளுக்கும் அந்த ஊரிலேயே இஞ்சினியரிங் சீட் கிடைத்தது. இரண்டு பேரும் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருப்பது, நான் மைன்ஸ் வேலையோடு இங்கே குவார்ட்டர்ஸில் இருப்பது என்று முடிவானது. யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. எல்லாருக்கும் நல்லது நடந்த வருஷம் என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் ஒரு நல்லது நடந்தது. டிவி ரிமோட் முதல்முறையாக என் கைக்கு வந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

சாயந்திரம் போன் வரும்.

“சாப்டியாப்பா?”

“சாப்ட்டேம்மா. நீ?”

“சாப்ட்டேன். இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.”

அம்மா வாங்கி, “சாப்டீங்களா?” என்பாள். சாப்பிட்டேன் என்பேன். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டோம் என்பது உறுதியானதும் போன் கட்டாகிவிடும். வெளி ஆள் யாராவது ஒட்டுக்கேட்டால், ஏதோ பஞ்சத்தில் அடிபட்ட குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் மகள் போனை எடுக்க நேரமானது. ஏனென்று கேட்டேன். “கை ஃபுல்லா பசைப்பா. காலேஜ் கிளப்ல பிளேன் ஒட்டிகிட்டு இருக்கோம்,” என்றாள். என்ன பிளேன் என்று சும்மா கேட்டு வைத்தேன். மடை திறந்தது மாதிரி ஆரம்பித்தாள். றெக்கைக்கு ஏன் மேல்பக்கம் வளைவு வேண்டும், வால் இல்லாவிட்டால் என்ன ஆகும், சீனியர் ஒருத்தன் எப்படி நேராக ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினான். என் கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. நான் அதைக் குடிக்கவில்லை. குடித்தால் சத்தத்தில் ஒரு சொல் போய்விடுமே என்று.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விமானம் தேவை என்று தெரிந்தது.

மறுநாள் நானே தேடி ஒன்றை அனுப்பினேன். வெள்ளி நிறம், மூக்கில் சிவப்புக் கோடு, றெக்கை உடம்புக்குக் கீழே ஒட்டியது, சண்டை விமானம் மாதிரி முறைத்துப் பார்த்தது. உடனே போன் வந்தது. வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே.

“அப்பா, இது வேணாம்.”

“ஏன்? நல்லா இருக்கே.”

“நல்லாதான் இருக்கு. நீ ஓட்டுனா ஒருவாட்டிதான் நல்லா இருக்கும்.”

“அப்ப எப்படிப்பட்டது வாங்கணும்?”

“விழறதுக்குன்னே செஞ்சது வாங்கணும். பறக்கறதப் பத்திலாம் கவலப்படாத. எல்லா பிளேனும் பறக்கும். விழுந்துட்டு மறுபடி பறக்குதான்னுதான் பாக்கணும்.”

அதன் பிறகு தினமும் ஒரு பாடம். றெக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். அப்போது உடம்பு கீழே தொங்கும், சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். றெக்கையின் இரண்டு நுனியும் லேசாக மேலே தூக்கியிருந்தால் இன்னும் நல்லது. வேகமாகப் போகிற விமானம் வேண்டாம், யோசிப்பதற்குள் மரத்தில் இருக்கும். “நீ யோசிக்க டைம் குடுக்கற பிளேனா பாருப்பா,” என்றாள். என் யோசனை வேகம் அவளுக்குத் தெரியும்.

உடம்பு எதில் செய்தது என்பதில் மட்டும் இரண்டு நாள் போனது. தெர்மக்கோல் மாதிரி வெள்ளையாக, அழுத்தினால் நொறுங்கி உருண்டை உருண்டையாக உதிர்கிற நுரை ஒன்று. வளைத்தால் வளைந்து, விட்டால் திரும்ப நிமிர்கிற மெத்து நுரை இன்னொன்று. இரண்டாவதுதான் வாங்க வேண்டும். சுழல்கிற காற்றாடி மூக்கில் இருக்கக் கூடாது, றெக்கைக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஏனென்றால் புதிதாக ஓட்டுகிறவன் எப்போதும் மூக்கால்தான் இறங்குவான். உதிரி பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். கேமரா கூடவே கூடாது. பக்கத்தில் மைன்ஸும் கரண்டு எடுக்கிற இடமும் இருக்க, செக்யூரிட்டிக்குப் பதில் சொல்லி முடியாது.

“றெக்கைய ஸ்க்ரூ போட்டு முடுக்கி வெச்சிருக்கறத வாங்காத,” என்றாள் ஒருநாள். “ரப்பர் பேண்ட் போட்டு கட்டற மாதிரி இருக்கணும். விழுந்தா றெக்க கழண்டு தூரமா போய் விழும். ஆனா உடையாது.”

இது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மைன்ஸில் நான் ஓட்டுவது பக்கெட் வீல் எந்திரம். பத்து மாடி உயரம், முன்னால் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், அதைச் சுற்றி மண்ணை வாரும் பக்கெட்டுகள். அந்தப் பெரிய எந்திரத்திலும் உடைவதற்கென்றே ஒரு சின்ன பின் உண்டு. கல்லில் மாட்டிக்கொண்டால் பின் உடையும், கியர் பெட்டி பிழைக்கும். இதை மகளிடம் சொன்னபோது, “கரெக்ட்பா, அதேதான்,” என்றாள். என்னை அவள் ‘கரெக்ட்’ என்று சொன்னது அவள் ஆறாம் வகுப்புக் கணக்கோடு நின்றுபோயிருந்தது. போன் கட்டான பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு சங்கடம் வந்தது. எல்லாத் தகுதியும் உள்ள விமானம் ஒன்று சீக்கிரமே கிடைத்துவிட்டது. வாங்கிவிட்டால் தேர்ந்தெடுப்பது முடிந்துவிடும். தேர்ந்தெடுப்பது முடிந்தால் மறுபடியும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அதனால் சந்தேகங்களைக் கிளப்ப ஆரம்பித்தேன். பேட்டரி சின்னதாக இருக்கிறதே. மஞ்சள் கலர் வெயிலில் தெரியுமா. சக்கரம் வைத்தது நல்லதா, வைக்காதது நல்லதா. ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை மனசுக்குள் தயார் செய்துகொள்வேன். வேலையிலும் அதே நினைப்பு.

“பொண்ணுக்கு மாப்ள பாக்கறவங்ககூட இவ்ளோ நாள் எடுத்துக்க மாட்டாங்க,” என்றார் பஸ்ஸில் ஷிப்ட் கூட்டாளி. “அப்டி என்னாதான் எதிர்பாக்கறீங்க?”

“பாக்க சுமாரா இருந்தாலும் பரவால்லங்க. கீழ போட்டா உடையக் கூடாது, தப்பா நடத்துனாலும் திரும்பி வரணும்.”

“அந்த மாதிரி ஒண்ணு பாத்துதான் ஒங்க வூட்டம்மா ஒங்கள கட்டிக்கினாங்க போல.”

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் மகளுக்குத்தான் பொறுமை போனது. “அப்பா, இன்னிக்கு நீ ஆர்டர் பண்ணலன்னா நான் பண்ணிடுவேன்,” என்றாள். பண்ணினேன். அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால், ஒரு குண்டுக் கத்தரிக்காயின் முதுகில் பலகையைக் கட்டியது மாதிரி இருந்தது. வீடியோ காலில் மனைவிக்குக் காட்டினேன்.

“ஏங்க, இத எங்க வைக்கப் போறீங்க?”

“சாப்பாட்டு மேஜை மேல.”

“அப்ப நீங்க எங்க சாப்பிடுவீங்க?”

“மேஜைக்கு நாலு பக்கம் இருக்கு. எனக்கு ஒண்ணு போதும்.”

அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. அதைச் சுற்றிப் பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகள். இங்கே ரிடையர் ஆனால் வீட்டைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போய்விட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்தவர் திருநெல்வேலிக்கு, சேலத்திலிருந்து வந்தவர் சேலத்துக்கு. முன்பெல்லாம் ஒரு குடும்பம் போன வாரமே அடுத்த குடும்பம் வெள்ளையடித்துக்கொண்டு வந்து சேரும். இப்போது அவ்வளவு பேர் வருவதில்லை. காலியான வீடுகளின் கதவையும் ஜன்னலையும் கழற்றி, செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். எங்கள் பிளாக்கில் அடைக்காத வீடுகளிலும் பூட்டுத்தான் தொங்கியது.

மைதானத்தில் ஒரே ஒரு ஆள் நடமாட்டம் இருந்தது. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வருகிற ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு தொரட்டிக் கம்பு. மாட்டிடம் பேசுவது போலவே மனிதர்களிடமும் பேசுவார், குரலில் வித்தியாசம் இருக்காது.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு சாயந்திரம் விமானத்தோடு அங்கே போய் நின்றேன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டை ஓட்டுவதற்கு முன் சைரன் ஊதுவோம். ஊதாமல் எதையும் நகர்த்திப் பழக்கமில்லை. கை தானாக பட்டனைத் தேடியது. பட்டன் இல்லாததால் வாயாலேயே ஊதினேன்.

“ஊஊஊ...”

மாடுகள் தலையைத் தூக்கின. அந்த அம்மாவும்.

“என்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

“பிளேன் கெளம்புதும்மா. மாட்ட ஓரமா ஓட்டிக்குங்க.”

விசையைத் தள்ளினேன், காற்றாடி இரைந்தது, றெக்கைக்கு அடியில் பிடித்து வீசினேன். அது போயிற்று. என் கையிலிருந்து கிளம்பி வேப்பமரத்துக்கு மேலே ஏறி, வெயிலில் மஞ்சளாக ஒரு பொட்டு மாதிரி ஆகிவிட்டது. அப்போது பக்கத்தில் யாராவது இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பேன். மாட்டுக்காரம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

சரி, திரும்பக் கூப்பிடுவோம் என்று வளைத்தேன். வளைந்து என்னை நோக்கி வர ஆரம்பித்தது. கொஞ்சம் இடது பக்கமாக ஒதுங்கியது. வலது பக்கம் திருப்பினேன். இன்னும் இடது பக்கம் போனது. இன்னும் அழுத்தி வலது பக்கம் திருப்பினேன். அது ஒரே குத்தாகத் தரையில் மூக்கைச் செருகியது. றெக்கை கழன்று தனியாக ஓடிப்போய் ஒரு மாட்டின் காலடியில் படுத்தது.

“என்னாங்க சார், வுழுந்துட்சா?”

“இல்லம்மா. எறங்கிடுச்சு.”

“அப்டியா,” என்றார், மாட்டைப் பார்த்துக்கொண்டே.

எடுத்துத் துடைத்தேன். மூக்கு கொஞ்சம் சப்பை. அமுக்கி விட்டதும் நிமிர்ந்துகொண்டது. ரப்பர் பேண்டை மாட்டினேன். சரியாகிவிட்டது. மகள் தேர்ந்தெடுத்த விமானம் அப்பழுக்கில்லாதது. ஓட்டுகிற ஆளைத்தான் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தினமும் இதே கதை. போகும்போது ராஜா மாதிரி போகும். திரும்பி வரும்போது கவிழும். ஒருநாள் பலா மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மா தொரட்டியை நீட்டி இழுத்துப் போட்டார். “ஒங்க மரத்துல காய்ப்பு நல்லாதான் இருக்குது சார்,” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் சாயந்திரப் பேச்சுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு தடவை விழுந்ததற்கும் விசாரணைக் கமிஷன் வைத்தாள் மகள்.

“வரும்போது எந்தப் பக்கம் போச்சு?”

“லெஃப்ட்.”

“நீ எந்தப் பக்கம் திருப்புன?”

“ரைட்.”

“யாரோட ரைட்?”

“என்னோட ரைட்தான். வேற யாரோட ரைட்டு?”

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். “அப்பா, பிளேன் உன்னப் பாத்து வரும்போது அதோட லெஃப்ட்டு உன் ரைட்டு. நீ மாத்தித் திருப்பணும்.”

புரிந்தது. தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நான் எந்திரத்தின் கேபினுக்குள் உட்கார்ந்தே ஓட்டியவன். எந்திரம் திரும்பினால் நானும் திரும்புவேன். அதன் இடது என் இடது, அதன் வலது என் வலது. அது தூங்கினால் நானும் தூங்குவேன். எதையும் வெளியே நின்று ஓட்டிய பழக்கமே இல்லை. இதை அவளுக்குச் சொன்னேன்.

“அதான்பா விஷயமே,” என்றாள். “நீ உள்ள இல்ல. வெளிய நிக்கற. அது மனசுல பதியணும்.”

அவள் விமானத்தைத்தான் சொன்னாள். சரி சரி என்றேன்.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் கேட்டாள். “தனியாவா போய் விடற?” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அது வந்தால் விமானத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிடும், மாத்திரை சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கும், பிறகு அம்மாவிடம் போன் போகும். அதனால் சொன்னேன்.

“தனியாவா? இங்க ஒரு கூட்டமே நிக்குது. பக்கத்து வூட்டு மாமா தெனம் வந்துடறார். மாடி வூட்டு ஆன்ட்டி பால்கனில நின்னு கை தட்டறாங்க.”

பக்கத்து வீட்டு மாமா ரிடையர் ஆகித் தென்காசிப் பக்கம் போய்விட்டிருந்தார். மாடி வீட்டு ஆன்ட்டி மகனோடு ஓசூரில். பால்கனி மட்டும் இருந்தது. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே கூட்டம் பிடித்துப்போய்விட்டது. அடுத்தடுத்த நாட்களில் மாமாவை விமர்சனமெல்லாம் செய்ய வைத்தேன். “போன தடவைக்கு இது பரவால்ல” என்றார் மாமா. ஆன்ட்டி ஒருநாள் பஜ்ஜி கொடுத்தனுப்பினார்.

பொங்கல் நெருங்கியது. மனைவிக்கு லீவு குறைவு, அவளால் வர முடியாது. மகள் கிளப்பில் ஏதோ போட்டிக்குத் தயார் செய்கிறார்கள், அவளும் வரவில்லை என்றாள். “நீ வந்துடேன்பா,” என்றாள். எனக்குப் பொங்கலன்று செகண்ட் ஷிப்ட் போட்டிருந்தார்கள். ஊருக்குப் பண்டிகை வந்தாலும் எந்திரத்துக்கு வராது. போன பொங்கலுக்கும் இப்படித்தான் ஆயிற்று. அந்தப் பொங்கலில் நான் குக்கரில் பொங்கல் வைத்து, விசில் சத்தத்தோடு சேர்ந்து நானே ‘பொங்கலோ பொங்கல்’ சொன்னேன். ஒரே ஆள் சொன்னால் அது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை.

அதனால் வாயை விட்டேன்.

“நீ வந்தீன்னா லேண்டிங் காட்டுவேன். என் காலடியிலயே எறக்கறேன் இப்பல்லாம்.”

“நெஜமாவா?” குரலில் வெளிச்சம் வந்தது. “உன்னப் பாத்து வந்தாலுமா?”

“எப்படி வந்தாலும்.”

“வீடியோ அனுப்பு. பாத்துட்டு சொல்றேன் வரதா வேணாமான்னு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நான் அதை ஆர்டர் மாதிரி எடுத்துக்கொண்டேன். பிறகு தினமும் மைதானம்தான். விமானம் விழுந்தது. டேப் ஒட்டினேன். மறுபடி விழுந்தது. பனி இறங்கிய ஒரு சாயந்திரம், புல்லில் உட்கார்ந்து சப்பையான மூக்கை அமுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. கேபினுக்குள் எனக்கு ஏன் குழப்பம் இல்லை? எந்திரம் பார்க்கிற பக்கம் நானும் பார்க்கிறேன். சரி, விமானம் பார்க்கிற பக்கம் நானும் பார்த்தால் என்ன?

அது என்னை நோக்கி வருகிறது என்றால், நான் அதற்கு முதுகைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எழுந்து ஊதினேன், வீசினேன், தூரத்தில் வளைத்தேன். அது என் பக்கம் திரும்பியதும் நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். கழுத்தை மட்டும் தோளுக்கு மேலே முறுக்கி அதைப் பார்த்தேன். இடது இடதானது. வலது வலதானது. விமானம் அடக்க ஒடுக்கமாகப் பின்னாலிருந்து வந்து, தலைக்குப் பக்கத்தில் தாழ்ந்து, என்னைத் தாண்டி, புல்லில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. கழுத்தில் ஏதோ ‘கடக்’ என்றது.

“சார், சாமி கீமி வந்துட்சா? இப்டி முறுக்கிகினு நிக்கறீங்க?” என்றார் மாட்டுக்காரம்மா.

“எறங்கிடுச்சு பாத்தீங்களா?”

“அதான் தெனம் எறங்குதே.”

கையில் விபூதி இல்லாத குறைதான், மற்றபடி நான் பரவசத்தில்தான் இருந்தேன். இன்னும் சில தடவை செய்து பார்த்தேன். சரியாக வந்தது. இனி வீடியோ. அப்போதுதான் விஷயம் புரிந்தது. ரிமோட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். போனை யார் பிடிப்பது? செங்கல்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு மாட்டின் மூக்கு மட்டும் வந்தது, மிக அருகில், விவரமாக.

மறுநாள் அந்த அம்மாவிடமே கேட்டேன்.

“இத பிடிச்சிகினு இருந்தா போதுமா?”

“போதும்மா. பிளேன் எங்க போவுதோ அங்க காட்டுங்க.”

“அது எங்க போவுதுன்னு ஒங்களுக்கே தெர்ல, எனக்கு எப்டித் தெரியும்?” என்றார். ஆனால் போனைப் பிடித்துக்கொண்டார்.

ஊதினேன், வீசினேன், வளைத்தேன், முதுகைக் காட்டினேன். அன்றைக்கு அது இறங்கியது மாதிரி என்றைக்கும் இறங்கவில்லை. என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. போனை வாங்கினேன். வெயிலில் கண் கூசியதில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து அங்கேயே மகளுக்கு அனுப்பிவிட்டு, விமானத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டீ போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வானம். அப்புறம் மாடு. பிறகு அந்த அம்மாவுக்கு விமானத்தைத் தேடி அலுத்துப்போயிருக்க வேண்டும், என்மேல் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பெரிய மைதானம். நடுவில் கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒரு ஆள், பேண்ட்டை மடித்து விட்டபடி. அவனுக்குப் பின்னால் வரிசையாக வீடுகள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் செங்கல். மாடிவீட்டு பால்கனியில் பாதி உயரத்துக்குச் செடி முளைத்திருந்தது. எங்குமே ஒரு ஆள் இல்லை. அதன்மேல் அந்த அம்மாவின் குரல், மாட்டிடம் பேசுகிறார்.

“இந்தா, நில்லு. அந்தாள பாரு, ஒண்டியா நின்னுகினு. தெனம் இதான். ஒரு ஈ காக்கா இல்ல, யாருக்கு சங்கு ஊதறாரோ தெர்ல. நாமளாச்சும் நின்னு பாக்கலாம், இரு.”

விமானம் ஒரே ஒரு நொடி மஞ்சளாகக் குறுக்கே வந்து காலடியில் நின்றது. அவ்வளவுதான் வீடியோ.

அழிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் இரண்டு நீல டிக்கும் விழுந்திருந்தது, பார்த்துவிட்டாள்.

போன் அடித்தது.

“லேண்டிங் நல்லா இருந்துச்சுப்பா,” என்றாள்.

“ம்.”

“ஏன் திரும்பி நின்ன?”

“அப்பதான் லெஃப்ட்டு லெஃப்ட்டா இருக்கு.”

கொஞ்சம் சிரித்தாள். அம்மாவிடம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

“பக்கத்து வீட்டு மாமா எங்க?”

“அவருக்கு இன்னிக்கி ஏதோ வேல...”

“அப்பா.”

டீயை ஒரு வாய் குடித்தேன். சத்தம் கேட்டால் கேட்கட்டும் என்று.

“ரிடையர் ஆயிட்டாரும்மா. ஊருக்குப் போயிட்டாங்க.”

“எப்ப?”

“நீ காலேஜ் சேந்தப்பவே.”

“மாடி வீட்டு ஆன்ட்டி?”

“அவங்களும்தான்.”

“அப்ப பஜ்ஜி?”

“அது நானே போட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. “நம்ம பிளாக்ல இப்ப எத்தன வீட்ல லைட்டு எரியுது?” என்றாள்.

எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். ஆனாலும் கேட்டாளே.

“நம்மளது எரியுது,” என்றேன்.

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. மனைவி ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். அது நின்றது. “என்ன ஆச்சு?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லம்மா, பிளேன் விஷயம்,” என்றாள் மகள்.

எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். “பாவம்னு நெனச்சி வராத. லேண்டிங் பாக்கறதுக்கு வரதுன்னா வா. அதுக்குத்தான் கஷ்டப்பட்டு கத்துக்கிட்டேன்.”

“யாரு பாவம்னு சொன்னது? முதுகக் காட்டிகிட்டு பிளேன் ஓட்டற ஆள நான் எங்கயும் பாத்ததில்ல. இது வெளிய தெரிஞ்சா கிளப்ல என்னச் சேக்கவே மாட்டாங்க. வந்து உன்னத் திருப்பி நிறுத்தணும்.”

“போட்டிக்கு தயார் பண்ணணும்னியே.”

“அது மத்தவங்க ஒட்டிக்குவாங்க. பொங்கலன்னிக்கு செகண்ட் ஷிப்ட்தான? காலைல ஃப்ரீயா இருப்ப?”

“இருப்பேன்.”

“அம்மாவையும் எப்படியாச்சும் ஒரு நாள் லீவு கேக்க சொல்றேன். கெடைக்கலன்னா நான் மட்டும். ஸ்பேர் றெக்க எத்தன வெச்சிருக்க?”

“ஒண்ணு.”

“பத்தாது. இன்னொண்ணு வாங்கி வை. நான் இதுவரைக்கும் கம்ப்யூட்டர்லதான் ஓட்டியிருக்கேன். நெஜத்துல ஓட்டுனதே இல்ல.”

“ஏன், கிளப்ல?”

“சீனியருங்கதான் ஓட்டுவாங்க. நான் ஒட்டறதோட சரி.”

இத்தனை நாளும் எனக்குப் பாடம் எடுத்தவள். அவளும் வெளியேதான் நின்றிருக்கிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் குரலும் நான் பயப்படுகிற அந்தக் குரலாக மாறிவிடும். அதற்குப் பதிலாக, விமானத்தைத் தள்ளி வைத்துவிட்டு போனை மேஜையில் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, அதிலேயே ஆன்லைன் கடையைத் திறந்தேன்.

“றெக்க மஞ்சள்லயும் இருக்கு, செவப்புலயும் இருக்கு,” என்றேன்.

“மஞ்சளே வாங்கு. மேட்ச்சா இருக்கும்.”

“செவப்பு வானத்துல நல்லா தெரியுமே?”

“தெரியும். ஆனா சாயந்திரத்துல தெரியாது.”

“காலைலதான ஓட்டப் போறோம்?”

“அப்ப செவப்பு... இருப்பா, யோசிக்க விடு.”

யோசித்தாள். அந்தப் பக்கம் மறுபடியும் மிக்ஸி ஓடியது. ஏடு கட்டிய டீயை விரலால் ஒதுக்கிக் குடித்தேன். கழுத்து இன்னும் வலித்தது.

“நாளைக்குப் பேசி முடிவு பண்ணிக்கலாமே,” என்றேன்.

எப்போதும் அவசரப்படுத்துகிறவள். அன்றைக்கு, “சரிப்பா, நாளைக்கே பேசலாம்,” என்றாள். ஆனால் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.